சவுனாவில் காய்ந்த காடு

"சுத்துது!" என்றாள் சைலா தொலைபேசியில். "உங்க ஹார்ட் டிஸ்க் சுத்துது! உடனே கிளம்பி வாங்க. மத்தியானம் வரைக்கும் இருப்பேன். அப்புறம் நானும் ஏரிக்கரைக்குப் போயிடுவேன்."

கலெர்வோ கையிலிருந்த பிர்ச் மரக் கிளையை அப்படியே வாசலில் போட்டார். நடுக்கோடை விழாவுக்கு வாசலின் இரண்டு பக்கமும் கிளை நட வேண்டும். ஒரு பக்கம் நட்டாயிற்று, மற்றது கிடக்கட்டும். மாடியைப் பார்த்து, "ஹில்லா! சுத்துதாம்!" என்று கத்தினார். மகள் ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஓட்டக் காலணியுமாக இறங்கி வந்தாள்.

போன வாரம் பத்திரிகையைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலெர்வோவின் மனைவி இர்மெலி வரைபடம் வரைகிறவள். கையில் ஒரு தாளும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு பாதையே இல்லாத காட்டுக்குள் விழுந்தடித்து ஓடுவார்களே, அந்தப் போட்டிகளுக்கான படம். ஆகஸ்டில் நடக்கப்போகிற குர்கி காட்டுத் தொடரோட்டத்துக்காக இரண்டு வருஷம் அந்தக் காட்டில் கால் தேய நடந்தாள். வரைந்து முடிக்கிற நேரத்தில் நவம்பர் புயல் வந்து பாதிக் காட்டைச் சாய்த்துவிட்டுப் போனது. அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பனி உருகியதும் மறுபடி நடந்து மறுபடி வரைந்தாள்.

அந்தப் புதுப் படம் இருந்த லேப்டாப்தான் படகிலிருந்து இறங்கும்போது பையோடு ஏரிக்குள் போனது. பையைத் தூக்கி எடுத்தபோது எல்லாம் ஊறிப்போயிருந்தது, அதன் ஹார்ட் டிஸ்க்தான் இப்போது சைலாவிடம். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தாள், அதே பையில். இணையத்தில் எங்கேயும் போட்டு வைக்கவில்லை. போட்டிக்கு முன்னால் படம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்பது விதி. இர்மெலி அந்த விதியில் கொஞ்சம் அதிகமாகவே கிறுக்கு.

போட்டிக் குழுவிடம் இருப்பது புயலுக்கு முந்தின பழைய படம். அதை நம்பி ஓடுகிறவன் விழுந்து கிடக்கிற மரத்தில் மோதி முட்டியை உடைத்துக்கொள்வான். திங்கட்கிழமை புதுப் படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் ஜூலை மாதம் இந்த நாட்டில் அச்சகம் மட்டுமல்ல, எல்லாமே பூட்டிக் கிடக்கும். படம் இல்லையென்றால் போட்டி இல்லை. இர்மெலியின் பெயரும் அதோடு போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் போட்டியில் ஹில்லா ஓடுகிறாள். அவர்கள் ஓட்டச் சங்கத்தின் அணியில் வெற்றிக் கோட்டைத் தாண்டுகிற கடைசி ஓட்டம் அவளுக்கு. கடைசி ஓட்டம் என்றால் என்ன என்று ஓடுகிறவர்களைக் கேளுங்கள். பதினைந்து வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். இந்த மே மாதம்தான் அணித் தலைவர் உர்ப்போ அவள் பெயரை எழுதினார்.

படத்தை முன்கூட்டிப் பார்த்தவர்கள் ஓடக்கூடாது. அதனால் அந்த வீட்டில் இரண்டு வருஷமாக இர்மெலியின் அறைக்குப் பூட்டு. சாப்பாட்டு மேசையில் காட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது. அம்மா கொசுக்கடியோடு வந்து நின்றால்கூட, "எங்கே இவ்வளவு கடிச்சுது?" என்று மகள் கேட்க மாட்டாள். சதுப்பில் என்று தெரிந்துவிடுமே.

சரி, காருக்கு வருவோம்.

ஹில்லாதான் ஓட்டினாள். கலெர்வோ ஓட்டினால் சைலாவின் கடை இருக்கிற தம்பெரே நகரத்துக்குப் பதில் கடற்கரையில் போய் நிற்பார். வரைபடக்காரியைக் கட்டிக்கொண்ட அந்த மனிதருக்குத் திசை என்பதே கிடையாது.

"சுத்துதுன்னா கிடைச்சிடுச்சுன்னு அர்த்தமாப்பா?"

"சுத்துதுன்னா சுத்துதுன்னு அர்த்தம். ரோட்டைப் பாரு."

"அம்மாவுக்கு அடிச்சுப் பாரேன்."

அடித்தார். கிடைக்கவில்லை. இர்மெலி இந்த நேரம் குர்கி காட்டுக்குள் இருக்கிறாள். லேப்டாப் போன மறுநாளே பென்சிலும் பலகையுமாக உள்ளே போய்விட்டாள், கிடைக்காவிட்டால் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வரையலாம் என்று. அந்தக் காட்டில் மேடேறி நின்றால் ஒழிய சிக்னல் வராது.

"சந்தோஷமான விஷயம்ப்பா இது. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல. காலைல காபி குடிக்கல."

பொய். மூன்று கோப்பை குடித்திருந்தார். அவர் மறைத்துக்கொண்டிருந்தது வேறொன்று. அதைச் சைலா ஐந்து நிமிஷத்தில் வெளியே எடுத்துவிட்டாள்.

கெட்டுப்போன வட்டிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுக்கிற சைலாவின் கடை, அருவியை ஒட்டிய பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, அங்கியின் கீழே இப்போதே விழாவுக்குத் தயாராகப் பூப்போட்ட பாவாடை.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் கலெர்வோவிடம். "இதை எங்க காய வெச்சீங்க?"

"வீட்லதான்."

"வீட்ல எங்க?"

கலெர்வோ ஜன்னல் வழியாக அருவியைப் பார்த்தார்.

"சவுனாவில" என்றார். கல்லைக் காய்ச்சி ஆவியில் வேர்த்துக் குளிக்கிற அறை அது.

"அப்பா!"

"கீழ்ப் பலகைலதான் வெச்சேன்! மேல்பலகைல வைக்கல. லேசான சூடு. கல்லு மேல தண்ணிகூட ஊத்தல!"

"அது உங்க பெரிய மனசு" என்றாள் சைலா.

"எங்க வீட்ல எது நனைஞ்சாலும் அங்கதான் காயும். பூட்ஸ், மீன்வலை, நாய். எல்லாம் நல்லாத்தானே காஞ்சுது?"

"நாய்க்குள்ள தகடு கிடையாதே. ஈரத்தோட ஒரு பையில கட்டிக் கொண்டாந்திருந்தா கழுவி எடுத்திருப்பேன். நம்ம ஏரித் தண்ணி பழுப்புத் தண்ணி. அதை நீங்க பதமா சூடு காட்டி, தகட்டு மேல பாயசம் அடிப்பிடிச்ச மாதிரி பிடிக்க வெச்சுட்டீங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா இது?" என்று ஹில்லா கேட்டாள்.

"தெரிஞ்சா நான் இங்க உயிரோட நிப்பேனா?"

ஹில்லாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. சைலாவுக்கும் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே அவள் சொன்ன விஷயம் உற்சாகமானது. நேற்று முழுக்க உட்கார்ந்து தகடுகளைக் கழுவியிருக்கிறாள். அதே ரகத்தில் இன்னொரு வட்டிலிருந்து படிக்கும் முனையைக் கழற்றி இதில் பொருத்தியிருக்கிறாள். காலையில் மின்சாரம் கொடுத்ததும் மூன்றாவது முயற்சியில் எழுந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. படிக்கிறது!

"அப்ப கிடைச்சிடும்!" ஹில்லா குதித்தே விட்டாள்.

"இரு, இரு. எந்தக் கோப்பு எங்க இருக்குன்னு எழுதி வெச்ச பகுதி கறைக்கு அடில போயிடுச்சு. பேர், தேதி ஒண்ணும் தெரியாது. துண்டு துண்டாத் தேடிட்டிருக்கேன். கிடைக்கறது சரியான படமான்னு உங்கள்ல ஒருத்தர் பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான் வரச்சொன்னேன்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹில்லா விதியைச் சொன்னாள். சைலா தலையாட்டிவிட்டு அவளை வெளியே அனுப்பினாள்.

நடையில் ஒரு நாற்காலி. ஹில்லா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரோ வைத்துவிட்டுப் போன ஏலக்காய் ரொட்டியைக் கேட்காமலே எடுத்துத் தின்றாள். கதவு அரை அங்குலம் திறந்திருந்தது. உள்ளே வட்டு சுற்றுகிற மெல்லிய ரீங்காரம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் போட்டி தொடங்குமுன் கோட்டில் நிற்கிற படபடப்பு வந்துவிட்டது. சுத்து, சுத்து, நின்னுடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"வந்துடுச்சு!" இது அப்பாவின் குரல். "ஹில்லா, வந்துடுச்சு! கலரெல்லாம் தெரியுது!"

"சொல்லாதப்பா! எதுவும் சொல்லாத!"

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கிளுக். ஒரு நொடி விட்டு இன்னொரு கிளுக். சைலா ஏதோ முணுமுணுத்தாள். விழா நாளில் ஒரு பெண்மணி சொல்லக்கூடாத வார்த்தை அது.

உள்ளே நடந்தது இதுதான். வட்டில் இரண்டு இடங்களில் வரைபடத் துண்டு கிடைத்தது. ஒன்று புயலுக்கு முந்தின படம், மற்றது புதுப் படம். எது எது என்று தெரியவில்லை. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் காட்டினாள் சைலா. அதற்குள் பொருத்திய முனை முனக ஆரம்பித்துவிட்டது.

"கறை உரசுது. முனை போயிட்டிருக்கு. ஒரு படத்தைத்தான் இது முழுசா எடுத்துக் குடுக்கும். ரெண்டாவதுக்கு இருக்காது. எதை எடுக்கட்டும்?"

"நிறுத்தி வெச்சா? என் பெண்டாட்டி சாயங்காலம் காட்டை விட்டு வந்துடுவா."

"நிறுத்தினா மறுபடி எழுந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். வேற முனை வரவழைக்க மூணு வாரம் ஆகும். இப்பவே சொல்லுங்க, எது?"

கலெர்வோ கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். இர்மெலிக்கு அடித்தார், கிடைக்கவில்லை. போட்டிக் குழுத் தலைவருக்கு அடித்தார். அந்த மனிதர் எந்த ஏரியில் எந்தப் படகில் இருக்கிறாரோ, எடுக்கவில்லை. நாடே தண்ணீரில் மிதக்கிற நாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்களேன்" என்று சைலாவைக் கெஞ்சினார்.

"நானா? பள்ளிக்கூடத்துல இந்த ஓட்டத்துக்கு விட்டாங்க. என்னைத் தேட நாயோட வந்தாங்க. எனக்கு இது ஆகாது."

கலெர்வோ கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"ஹில்லா, பொதுவாக் கேக்கறேன். எந்தக் காடுன்னு இல்ல. மரம் விழுந்து கிடந்தா படத்துல எப்படி இருக்கும்?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பச்சைக் கோடு கோடா இருக்கும்ப்பா. நெட்டுக்கு. வெள்ளை மேலயோ மஞ்சள் மேலயோ."

உள்ளே போனார். திரும்பி வந்தார்.

"ரெண்டுலயும் பச்சைக் கோடு இருக்கு!"

"நெருக்கமாவா, தள்ளித் தள்ளியா?"

"நெருக்கமாவும் இருக்கு, தள்ளியும் இருக்கு. பச்சைப் பட்டை இருக்கு, பச்சைப் பொட்டு இருக்கு. உங்கம்மாவுக்குப் பச்சைன்னா ஏன் இவ்வளவு உயிரு?"

"ரெண்டும் ஒரே இடமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒண்ணு காட்டோட மேல்பக்கம், ஒண்ணு கீழ்ப்பக்கம்னு சைலா சொல்றாங்க."

கிளுக், கிளுக். இப்போது நெருக்கமாக.

"சொல்லுங்க!" உள்ளேயிருந்து சைலா. "இல்லேன்னா நான் ஏதோ ஒண்ணை எடுக்கறேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு."

கலெர்வோ கதவருகே நின்றார். கீழ்ப்பலகை, லேசான சூடு என்று தனக்குத்தானே சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த நிமிஷம் அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்ற பெண்டாட்டி. அந்த உழைப்பைப் பொரித்தெடுத்த புருஷன்.

"ஏதோ ஒண்ணை எடுக்கச் சொல்லிடறேன், ஹில்லா" என்றார். "நீ அங்கேயே உக்காரு. எழுந்திருக்காதே. நான் சொல்றேன் கேளு, எழுந்திருக்காதே."

ஹில்லா எழுந்துவிட்டாள்.

அவளுக்கு உர்ப்போவின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசி ஓட்டத்தின் தொடக்கத்தில் கையைத் தட்டி அனுப்புகிற இடம் நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் மனசுக்குள் ஓடிப் பார்த்த ஓட்டம் அது. வேண்டாம் என்று இருந்தால் நாற்காலியில் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பாதிக்குப் பாதி என்று அம்மாவின் உழைப்பை வைத்துக் காசு சுண்ட அவளால் முடியவில்லை. அப்பாவின் தோளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஹில்லா, வேணாம்டி! கண்ணை மூடு!"

மூடவில்லை. திரையைப் பார்த்தாள். ஓடுகிறவளின் கண்ணுக்கு ஒரு பார்வை போதும். வலதுபக்கத் துண்டில் கோடுகள் ஓடை ஓரமாக மட்டும் இருந்தன, எந்தக் காட்டிலும் இருக்கிற புதர்தான். இடதுபக்கத்தில் ஒரு சரிவு முழுக்கவே கோடுகள் மூடியிருந்தன, புயல் சாய்த்த மரங்கள். நடுவில் அம்மா பார்த்துப் பார்த்து விட்டிருந்த வெள்ளைச் சந்துகள், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு.

"இடது! இடதுபக்கம் இருக்கறது!"

"நிச்சயமா?"

"நிச்சயம். எடுங்க, எடுங்க!"

சைலா தட்டினாள். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை நகரத் தொடங்கியது. மூன்று பேரும் அதன் முன்னால் குனிந்து நின்றார்கள். கிளுக் என்றால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள், பட்டை நகர்ந்தால் விட்டார்கள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. ஓரிடத்தில் நின்றே போனது. கலெர்வோ மேசையைப் பிடித்துக்கொண்டு வட்டைக் கெஞ்சினார், மாட்டைக் கெஞ்சுவது மாதிரி. "வா, வா, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், வாடா ராஜா!"

நகர்ந்தது. முடிந்தது. முடிந்த மறு நொடி முனை கடைசியாக ஒரு முறை கரகரத்து அடங்கியது.

"போயிடுச்சு" என்றாள் சைலா. பிறகு வலைத்தொப்பியைக் கழற்றி மேலே வீசினாள். "ஆனா குடுத்துட்டுப் போயிடுச்சு!"

கலெர்வோ அவளைக் கட்டிப்பிடித்தார். முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது, அவருக்கும் கிடையாது. உடனே விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். சைலா அதற்குள் கோப்பைத் திறந்திருந்தாள். குர்கி காடு முழுசாகத் திரையில் விரிந்தது.

கெட்டது கெட்டுவிட்டது, இனி முழுசாகத்தான் பார்ப்போமே என்று ஹில்லா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. எத்தனையோ படங்களை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வடக்குச் சதுப்பில் கால் வைக்கக்கூடிய ஒவ்வொரு திட்டும் இருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் ஏறுகிற பக்கம் தெரிந்தது. விரலைத் திரையில் வைத்துச் சதுப்பைத் தாண்டி ஓடினாள், மேட்டைச் சுற்றினாள், இறங்கினாள். இவ்வளவையும் செய்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தாளே இந்த அம்மா!

கலெர்வோவின் கைபேசி அடித்தது. இர்மெலி.

"பதினெட்டுத் தடவை அடிச்சிருக்கே! நான் மேட்டு மேல நிக்கறேன். என்ன ஆச்சு? வீடு எரிஞ்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு!" கலெர்வோ கத்தினார். "புதுப் படம்! முழுசா! கையில வாங்கிட்டு வரோம்!"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. காட்டுக்குள் ஒரு பெண் தனியாக நின்று போட்ட கூச்சல், ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. ஹில்லா கைபேசியைப் பிடுங்கினாள். கலெர்வோ அவளைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் எங்கே பார்த்தாள்?

"அம்மா! அந்த வடக்குச் சதுப்பு! ஒரு திட்டு விடாம வரைஞ்சிருக்கியே, எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?"

"முழங்கால் தண்ணிடி! ரெண்டு பூட்ஸ் போச்சு!" இர்மெலிக்கு மூச்சு வாங்கியது, பேச்சு கொட்டியது. "அது நல்லா வந்திருக்கு இல்ல? எனக்குத் தெரியும் நல்லா வந்திருக்குன்னு. சதுப்பு தாண்டினதும் ஒரு ரெட்டைப் பாறை மேடு இருக்கே, பாத்தியா? நீயா இருந்தா அதை எந்தப் பக்கம் சுத்துவே?"

"வலது. யோசிக்கவே வேணாம்."

இர்மெலி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருஷம் பூட்டி வைத்த சிரிப்பு.

"எல்லாரும் வலதுதான் போவாங்க! அத்தனை பேரும் அங்கதான் மாட்டுவாங்க! அந்தப் பக்கம் பாறை இடுக்குல இறங்கினா..."

சிரிப்பு பாதியில் நின்றது.

கைபேசியில் கொசுக்களின் சத்தம் மட்டும் கேட்டது. கலெர்வோ நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். சைலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹில்லா" என்றாள் இர்மெலி. குரல் மெல்ல வந்தது. "உனக்கு எப்படிடி தெரியும் அந்த மேடு?"

"பாத்தேம்மா."

"அப்பா எங்க போனார்? அவர் பாத்துச் சொல்லக்கூடாதா?"

"அப்பாவா? அவருக்குப் பச்சையும் மஞ்சளும்தான் தெரிஞ்சுது." ஹில்லா சிரிக்கப் பார்த்தாள். "ரெண்டு படம் இருந்துதும்மா. ஒண்ணுதான் எடுக்க முடியும்னாங்க. தப்பா எடுத்திருந்தா உன் வேலையெல்லாம் போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம்."



"கடைசி ஓட்டம், ஹில்லா" என்றாள் இர்மெலி.

"தெரியும்மா."

"நடுவர்களுக்கு நான் சொல்லியாகணும். படம் வரைஞ்சவதான் சொல்லணும். விதி அப்படி."

"சொல்லு. நீ சொல்லாம இருந்தாத்தான் எனக்குக் கோபம் வரும்."

அப்போது ஹில்லாவின் சட்டைப்பையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். உர்ப்போ. விழா வாழ்த்துச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் அணியில் எல்லோருக்கும் அடிப்பார், ஏரிக்கரையிலிருந்து, இரண்டு கோப்பை உள்ளே போன பிறகு.

"அம்மா, ஒரு நிமிஷம் இரு, வெச்சிடாதே" என்றாள். "எனக்கும் ஒருத்தர்கிட்ட சொல்லவேண்டியது இருக்கு. சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் அந்த இடுக்குல என்ன இருக்குன்னு நீ எனக்கு முழுசாச் சொல்லணும். இப்பத்தான் நீ சொல்லலாமே."